காற்றின் கணக்கு – 7: முந்நூறு சுற்று, அறுநூறு லிட்டர்

1973 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. மேற்கு ஜெர்மனியின் ஆட்டோபான் சாலையில் குழந்தைகள் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு வழுக்கி விளையாடினார்கள். குடும்பம் குடும்பமாக மக்கள் நடுரோட்டில் நடந்தார்கள். சைக்கிள்கள் போயின. வேகக் கட்டுப்பாடே கிடையாது என்று உலகமே வியந்த சாலை அது. அன்று அனுமதிச் சீட்டு இல்லாமல் அதில் கார் ஓட்டினால் அபராதம்.

முந்தைய மாதம்தான் மேற்காசியாவில் போர் மூண்டிருந்தது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. டிசம்பர் 2, 9, 16 என்று அடுத்த மூன்று ஞாயிறுகளும் இதே கதை. மற்ற நாட்களிலும் ஆட்டோபானில் 100 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. அது மறு வருடம் மார்ச் வரை நீடித்தது.

போன வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலைகளை அனுப்பி, “எனக்கு ஒன்று ஒதுக்குங்கள்” என்று பணக்காரர்கள் கேட்ட கார், ஒன்றுகூட விற்காமல் போனது ஏன்?

பாதி விடை அந்த வெறிச்சோடிய சாலையில் இருக்கிறது. மீதிப் பாதி, காரின் இன்ஜினுக்குள்.

அந்தக் காரின் பெயர் சி 111. 1969 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் மெர்சிடஸ் பென்ஸ் அதை மேடையேற்றியது. கழுகு சிறகை விரிப்பது போல மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். தரையோடு தரையாகப் பதுங்கிய உடல். பளீரென்ற ஆரஞ்சு வண்ணம். அந்த நிறத்துக்கு ‘வைஸ்ஹெர்ப்ஸ்ட்’ என்று ஒரு திராட்சை மதுவின் பெயரை வைத்திருந்தார்கள். உருவத்தை வரைந்தவர் புரூனோ சாக்கோ. திட்டத்தின் பின்னால் நின்றவர், நாம் மூன்றாம் வாரத்தில் சந்தித்த பொறியாளர் ருடால்ஃப் ஊலென்ஹாவ்ட்.

அதன் இதயம்தான் புதுமை. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் வழக்கமான இன்ஜின் இல்லை அது. முக்கோண வடிவிலான சுழலி ஒன்று அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும் வான்கல் இன்ஜின். முதல் வண்டியில் மூன்று சுழலிகள், 280 குதிரைசக்தி. 1970 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டிய இரண்டாம் பதிப்பில் நான்கு சுழலிகள், 350 குதிரைசக்தி, மணிக்கு 300 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களை மட்டும், 350-க்கு 300 என்று, மனதில் ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக் கதை முழுக்க அந்த இரண்டு எண்களைச் சுற்றித்தான்.

வான்கல் இன்ஜின் அதிர்வில்லாமல் ஓடும். கையடக்கமானது. ஆனால் எரிபொருளை விழுங்கும். காரணம் அதன் அறையின் வடிவம். சாதாரண இன்ஜினில் தீப்பற்றும் இடம் ஒரு குட்டிக் கிண்ணம் போலக் குவிந்திருக்கும். வான்கலில் அது நீளமாக, தட்டையாக, பிறை நிலவைப் போல இருக்கும். சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால் எரியும் வாயுவின் சூடு சுவருக்குள் போய்விடும். ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் முழுதாக எரியாமல் புகையோடு வெளியேறும். அகலமான வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றிச் சூடேற்றிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சூடு எண்ணெயில் நிற்பதைவிட இரும்பில் பரவுவதே அதிகம்.

பொறியாளர்கள் இதை எண்ணெய் நெருக்கடிக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள். 1971-லேயே வான்கல் வேலை தளர்ந்தது. 1973-ன் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வந்தபோது, 350 குதிரைசக்தியோடு பெட்ரோலைக் குடிக்கும் விளையாட்டுக் காரை விற்பது பற்றிப் பேசக்கூட இடமில்லாமல் போயிற்று. ஊலென்ஹாவ்ட்டும் ஓய்வு பெற்றுவிட்டார்.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் ஒரு மேடை, ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியத்தை அவர்கள் செய்தார்கள். அந்த ஆரஞ்சு வண்டியின் இதயத்தை எடுத்துவிட்டு, அதனிடத்தில் ஒரு டாக்ஸியின் இதயத்தை வைத்தார்கள்.

*

டீசல் என்றால் அன்றைக்கு ஐரோப்பியர் மனதில் வந்த படம் இதுதான்: ரயில் நிலைய வாசலில் கடகடவென்று நடுங்கிக்கொண்டு நிற்கும் டாக்ஸி. லாரி. டிராக்டர். சிக்கனம் உண்டு, உழைப்பு உண்டு, வேகம் மட்டும் கிடையாது.

1974-ல் மெர்சிடஸ் ‘240 டி 3.0’ என்று ஒரு காரை விற்பனைக்கு விட்டது. பயணக் காரில் ஐந்து சிலிண்டர் டீசல் இன்ஜின் என்பது உலகில் அதுவே முதல் முறை. 3 லிட்டர் கொள்ளளவு, 80 குதிரைசக்தி. மணிக்கு 150-ஐத் தொடுவதற்கே திணறும். இன்ஜினின் பெயர் ஓ.எம். 617.

இந்த இன்ஜின் நமக்கு அந்நியமல்ல. இதற்கு நான்கு சிலிண்டர் தம்பி ஒன்று உண்டு, ஓ.எம். 616. அதே சிலிண்டர் விட்டம், அதே பிஸ்டன் ஓட்டம், ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு. அந்தத் தம்பிதான் உரிமம் பெற்று இந்தியாவுக்கு வந்து டெம்போ ட்ராக்ஸ் வண்டிகளில் ஏறினான். மலைப்பாதையில் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, கூரைமேல் மூட்டைகளோடு, இரண்டாம் கியரில் முனகி முனகி ஏறும் ட்ராக்ஸில் எப்போதாவது போயிருக்கிறீர்களா? அந்தச் சத்தத்தின் அண்ணன் குரல்தான் இப்போது நாம் கேட்கப் போவது.

80 குதிரைசக்தியை வைத்துக்கொண்டு விளையாட்டுக் காரை என்ன செய்ய முடியும்? அங்கேதான் டர்போ வந்தது. புகைக்குழாய் வழியாக வீணாக வெளியேறும் வாயு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். அமுக்கிய காற்று சூடாகும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைக்கும். ஆகவே நடுவில் ஒரு குளிர்விப்பான். காற்று அதிகம் போனால் டீசலும் அதிகம் எரிய முடியும். 80 குதிரைசக்தி 190 ஆனது.

1976 ஜூன். இத்தாலியின் காலணி வடிவ வரைபடத்தில் குதிகால் பகுதி, புக்லியா மாநிலம், நார்தோ என்ற ஊர். ஆலிவ் மரங்களுக்கும் செம்மண்ணுக்கும் நடுவே, முந்தைய வருடம்தான் ஃபியட் நிறுவனம் கட்டி முடித்த ஒரு வட்டப் பாதை. குறுக்களவு 4 கிலோமீட்டர், சுற்றளவு 12.6 கிலோமீட்டர். கிணற்றின் கைப்பிடிச் சுவர் போல வெளிப்புறம் உயர்ந்து சரிந்த சாலை. அந்தச் சரிவைக் கணக்குப் போட்டுச் செதுக்கியிருந்தார்கள். வெளிவரிசைத் தடத்தில் மணிக்கு 240 கிலோமீட்டரில் போனால் ஸ்டியரிங்கைத் திருப்பவே தேவையில்லை, நேர்ச்சாலையில் போவது போலவே இருக்கும்.

டீசல் சி 111 அங்கே இறங்கியது. ஹன்ஸ் லீபோல்ட், கீடோ மோக், எரிக் வாக்ஸன்பெர்கர், யோவாகிம் காடன் என்று நான்கு பேர் மாறி மாறி ஓட்டினார்கள். எல்லாரும் தொழிற்சாலையின் சொந்த ஆட்கள். இரவும் பகலுமாக 60 மணி நேரத்துக்கு மேல். சராசரி வேகம் 252 கிலோமீட்டர். 16 உலகச் சாதனைகள். அவற்றில் 13 டீசல் வண்டிகளுக்கானவை. மீதி மூன்றும் எந்த இன்ஜின் என்ற பேதமே இல்லாத, எல்லாக் கார்களுக்கும் பொதுவான சாதனைகள்.

டாக்ஸி இன்ஜின் பந்தயக் கார்களை முந்திவிட்டது. கைதட்டி, வீட்டுக்குப் போயிருக்கலாம்.

பொறியாளர் லீபோல்ட் போகவில்லை. அவர் குழுவின் கண்ணில் வேறோர் எண் பட்டிருந்தது. 300.

*

இங்கே ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்த விசையை எதிர்த்து அதே வேகத்தில் ஓடத் தேவையான சக்தியோ எட்டு மடங்கு. சைக்கிளில் ஆடிக்காற்றுக்கு எதிராக மிதித்தவர்களின் தொடைக்கு இந்தக் கணக்கு தெரியும். கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்று நினைத்தால் மூச்சு வாங்கிவிடும்.

நிறுத்தங்களையும் சேர்த்துச் சராசரி 300-ஐத் தாண்ட, 252 கிலோமீட்டரை 320 ஆக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே உடலோடு போனால் காற்றைப் பிளக்க மட்டுமே ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி வேண்டும். தோராயமாக 190 என்பது 380 ஆக வேண்டும். 3 லிட்டர் டீசலிடம் 380 குதிரைசக்தி கேட்பது அன்று நடவாத காரியம். எப்படியோ கசக்கிப் பிழிந்து 230 வரை கொண்டுவந்தார்கள். மீதி 150 எங்கிருந்து வரும்?

காற்றிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

இதை நான் திரும்பத் திரும்பப் படித்து வியந்திருக்கிறேன். வேகம் வேண்டுமென்றால் பெரிய இன்ஜின் என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். இவர்கள் அதே 3 லிட்டர் இன்ஜினை வைத்துக்கொண்டு, கடன் வாங்கப் போன இடம் வேறு.

ஸ்டுட்கார்ட் நகரின் உன்டர்டுர்க்ஹைம் தொழிற்சாலையில் ஒரு பெரிய காற்றுச் சுரங்கம் இருக்கிறது. நான்காம் வாரத்தில் பார்த்த பேராசிரியர் வூனிபால்ட் காம் திட்டமிட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உயிர்பெற்றது. முழு அளவுக் காரையே உள்ளே நிறுத்திவைத்து, ராட்சத விசிறிகளால் காற்றை ஓடவிடலாம். கார் நிற்கும், காற்று ஓடும். காரின் உடம்பெங்கும் விரல் நீளக் கம்பளி நூல்களை வரிசை வரிசையாக ஒட்டிவைப்பார்கள். காற்று ஒழுங்காக வழுக்கிப் போகும் இடத்தில் நூல்கள் வாரிய தலைமுடி போலப் படிந்து கிடக்கும். காற்று உடலைவிட்டுப் பிய்ந்து சுழலும் இடத்தில் அதே நூல்கள் பேய் பிடித்தது போல ஆடும். எங்கே நூல் ஆடுகிறதோ அங்கே எரிபொருள் வீணாகிறது. லட்ச ரூபாய்க் கருவி சொல்வதை ஒரு முழம் கம்பளி சொல்லிவிடும்.

நூல்கள் அதிகம் ஆடுவது எங்கே தெரியுமா? முன்னால் அல்ல, பின்னால்.

காற்றைக் கிழிக்க முன்பக்கம் கத்தி போலக் கூர்மையாக இருக்கவேண்டும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். தப்பை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பேருந்து. மழையில்லாத சித்திரையில் கிராமத்துச் சாலையில் ஓடிவந்து நிற்கும் பேருந்தைச் சுற்றிவந்து பாருங்கள். முன் கண்ணாடி ஓரளவு சுத்தமாக இருக்கும். பின் கண்ணாடி முழுக்கப் புழுதி. பையன்கள் விரலால் பெயர் எழுதிவைக்கும் அளவுக்குப் புழுதி. பேருந்து முன்னோக்கி ஓடும்போது தூசி ஏன் அதைத் துரத்திக்கொண்டு போய் முதுகில் ஒட்டுகிறது? சதுரமாக வெட்டிய பின்பக்கத்தில் காற்றால் வளைந்து திரும்பிச் சேரமுடிவதில்லை. அங்கே ஒரு வெற்றிடம் போன்ற தாழ்வழுத்தப் பள்ளம் உண்டாகிறது. சாலையின் தூசியையும் காகிதத்தையும் அது உறிஞ்சுகிறது. தூசியை உறிஞ்சும் அதே பள்ளம்தான் பேருந்தையும் பின்னால் இழுக்கிறது. ஓட்டுநர் ஊற்றும் டீசலில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளத்தை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போவதற்கே செலவாகிறது.

விரால் மீனை நினைத்துப் பாருங்கள். தலை உருண்டை. கத்தி முனை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு உடம்பு நீளமாக, மெதுவாக, வால் வரை ஒடுங்கிக்கொண்டே போகும். தண்ணீர் பிரிந்த இடம் தெரியாமல் திரும்ப ஒன்றுசேரும். பொறியாளர்கள் இதை ஓர் எண்ணால் அளக்கிறார்கள். இழுவை எண் என்று சொல்லலாம். காற்றுக்கு நேரே நிறுத்திய தட்டையான பலகைக்கு அது 1.1-க்கு மேல். பந்துக்கு 0.5 அளவில். நீர்த்துளி வடிவத்துக்கு 0.05-ஐ ஒட்டி. அன்றைய தெருக் கார்களுக்கு 0.45 அளவில் இருந்தது. அதாவது, லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய கார், பந்தை உருட்டிவிட்டதைவிடப் பெரிதாகத் தேறவில்லை.

சி 111-ன் மூன்றாம் பிறவி இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

பழைய வண்டியின் அகலத்தைக் குறைத்தார்கள். இழுவை எண் ஒரு பக்கம் இருக்க, காற்றுக்கு நேரே காட்டும் முகப்பரப்பும் குறைந்தாக வேண்டும். குடை சிறிதானால் காற்றில் பிடிப்பது சுலபம் அல்லவா? அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை நீட்டினார்கள். மூக்கு தரையை முகர்வது போலத் தாழ்ந்தது. வால் நீண்டது, நீண்டுகொண்டே போயிற்று. பேராசிரியர் காம் காட்டிய வழி, வாலைச் சரியான இடத்தில் வெட்டிவிட்டாலும் பெருமளவு லாபம் கிடைக்கும் என்பது. தெருவில் நிறுத்த வேண்டிய காருக்கு அது சரி. வெள்ளைக்கோட்டுக்குள் நிறுத்தும் கவலை இந்த வண்டிக்கு இல்லை. ஆகவே விரால் மீனின் வாலை முழுதாகவே கொடுத்தார்கள்.

அடுத்தது சக்கரங்கள். சுழலும் சக்கரம் ஒரு விசிறி. அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கடைந்துகொண்டே இருக்கும். அதன்மேல் மூடி போட்டுச் சமதளமாக்கினால் அந்தக் கடைதல் அடங்கும். இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே விடும் காற்றுக்கும் விலை உண்டு. திறந்த வாய் வழியே நுழையும் காற்று குழாய்களுக்கு நடுவே முட்டி மோதி, வேகமெல்லாம் இழந்து வெளியே வரும். இழந்த வேகத்தை ஈடுகட்டுவது எரிபொருள்தான். வாயை மூடிவிட்டால் இன்ஜின் கொதித்துவிடும். அகலத் திறந்தால் காற்று பிடித்து இழுக்கும். நடுவில் ஒரு விரற்கடை இடத்துக்காகத்தான் சுரங்கத்தில் நாள் கணக்கில் நின்றார்கள்.

கண்ணாடியிழையும் கார்பன் இழையும் கலந்த உடல். ஆரஞ்சு போய் வெள்ளி வண்ணம் வந்தது. இழுவை எண் 0.2-க்கும் கீழே இறங்கிவிட்டது. தெருக் காரில் பாதிகூட இல்லை.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் காகிதத்தில் டயர் வெடிக்காது.

*

1978 ஏப்ரல் 30. மீண்டும் நார்தோ.

இந்த முறை லீபோல்ட், மோக் இருவரோடும் வெளியாட்கள் இருவர். ஒருவர் ரிகோ ஸ்டைனமன், சுவிட்சர்லாந்துக்காரர். இன்னொருவர் பெல்ஜியத்தின் பால் ஃப்ரேர். 1960-ல் லெமான்ஸ் 24 மணிப் பந்தயத்தை ஃபெராரி காரில் வென்றவர். பந்தயத்தைவிடக் கார்களைப் பற்றி எழுதுவதில் இன்னும் பெரிய பெயர் வாங்கியவர். அன்று அவருக்கு வயது 61. நம் வீடுகளில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குப் போகும் வயதில், மணிக்கு 320 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் தாழ்ந்த கூட்டுக்குள் படுத்த வாக்கில் நுழைந்தார் அந்த மனிதர்.

320 என்றால் என்ன? ஒரு வினாடிக்கு 89 மீட்டர். 12.6 கிலோமீட்டர் வட்டத்தை இரண்டு நிமிடம் 22 வினாடியில் சுற்றி முடிக்க வேண்டும். சக்கரம் வினாடிக்கு நாற்பது தடவைக்கு மேல் சுழலும். ரப்பரின் ஒவ்வொரு துணுக்கும் டயரிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கத் துடிக்கும். முன்பு சொன்ன 240-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த வேகம் வரைதான் சாலையின் சரிவு வண்டியைத் தாங்கும். அதற்கு மேலே ஓட்டுநர் கைகள்தான் வண்டியை வட்டத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். டயர்களும் சாய்ந்த வாக்கில் தேய்ந்துகொண்டே ஓட வேண்டும். வளைவு முடியவே முடியாது, ஏனென்றால் பாதையே ஒரே வளைவு.

வண்டி கிளம்பியது. ஒரு மணி நேரம். ஆறு மணி நேரம். டீசல் நிரப்ப நிற்கும், ஓட்டுநர் மாறுவார், மறுபடி வெள்ளிக் கோடு போல வட்டத்தில் மறையும். 500 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்தபோது சராசரி 321-ஐத் தாண்டியிருந்தது.

12 மணி நேரம் முடிந்தபோது சராசரி வேகம் மணிக்கு 314 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ 300 சுற்று. 3,770 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போகும் சாலைத் தூரத்துக்குச் சமம், பன்னிரண்டு மணி நேரத்தில். டீசலுக்கு என்று தனியாக ஒதுக்கியவை அல்ல, எல்லாக் கார்களுக்குமான பொதுச் சாதனைகள் ஒன்பது, அன்று இந்த வண்டியின் பெயரில் எழுதப்பட்டன.

குடித்த எரிபொருள் 100 கிலோமீட்டருக்கு 16 லிட்டர் அளவில். மொத்தமாக அறுநூறு லிட்டர்.

‘மைலேஜ்’ பாஷையில் சொன்னால் லிட்டருக்கு 6.25 கிலோமீட்டர். இதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். நம் தெருக் கார்கள் 15, 20 தருகின்றனவே? கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரைக் காற்று எவ்வளவு தள்ளுமோ, 320-ல் அதே காரை 16 மடங்கு தள்ளும். அந்த 16 மடங்குச் சுவரை நாள் முழுக்க முட்டிக்கொண்டு ஓடியும், நகரத்து நெரிசலில் ஊர்ந்துபோகும் பெரிய பெட்ரோல் கார் ஒன்று குடிக்கும் அளவுக்குத்தான் இது குடித்தது. பதிவேட்டில் இருக்கும் ஒன்பது சாதனைகளைவிட எனக்கு இந்த 16 லிட்டர்தான் பெரிதாகத் தெரிகிறது. சாதனைகள் பிறகு முறியும். அந்த அளவு சக்தியை அந்த அளவு டீசலில் காட்டிய கணக்கு யாராலும் அழிக்க முடியாதது.

ஓரத்தில் வைக்கச் சொன்ன இரண்டு எண்களை இப்போது எடுங்கள். 1970-ன் ஆரஞ்சு வண்டி 350 குதிரைசக்தியோடு 300-ஐத் தொட்டது. 1978-ன் வெள்ளி வண்டி 230-ஐ வைத்துக்கொண்டு 320-ல் ஓடியது. நூற்று இருபது குதிரைகளை லாயத்திலேயே கட்டிப்போட்டுவிட்டு வந்தும், வேகம் கூடியிருக்கிறது. அந்த 120 குதிரைகளுக்குத் தீனி போடத் தேவைப்பட்டிருக்கும் எரிபொருள்தான், இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து நாம் தேடிக்கொண்டிருப்பது.

அதே 1978-ல், இந்த இன்ஜினின் டர்போ பதிப்பு ‘300 எஸ்.டி.’ என்ற பெயரில் அமெரிக்கத் தெருக்களுக்கு வந்துவிட்டது, 115 குதிரைசக்தியோடு. சுரங்கத்தில் கற்ற பாடம் தெருக் காரின் உடலுக்கு வந்த கதை இன்னும் சுவையானது. அதைச் சாக்கோவின் கையாலேயே பார்க்கப் போகிறோம், ஆனால் இரண்டு வாரம் பொறுங்கள். நடுவில் ஒரு விபரீதம் காத்திருக்கிறது.

*

லீபோல்ட் இப்போதும் வீட்டுக்குப் போகவில்லை.

கடல் கடந்து அமெரிக்காவில் ஒரு சாதனை இருந்தது. 1975 ஆகஸ்டில், அலபாமாவின் டல்லடேகா வளையத்தில், மார்க் டானஹ்யூ என்ற பந்தய வீரர் போர்ஷே 917/30 காரில் ஒரு சுற்றைச் சராசரி 355 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டியிருந்தார். மூடிய சுற்றுப்பாதையில் உலகின் அதிவேகச் சுற்று. பத்தே நாட்கள் கழித்து, ஆஸ்திரியாவில் ஒரு பந்தயப் பயிற்சியின்போது ஏற்பட்ட விபத்தில் காயமடைந்து அவர் இறந்துபோனார். டயர் ஒன்று செயலிழந்ததுதான் காரணம்.

அந்த 355-ஐ முறியடிக்க ஸ்டுட்கார்ட்டில் முடிவானது. டீசலை இறக்கிவைத்தார்கள். 4.8 லிட்டர் வி-8 பெட்ரோல் இன்ஜின், இரட்டை டர்போ, 500 குதிரைசக்தி. சிக்கனம் பற்றிய பேச்சு இந்த ஒரு தடவை மட்டும் வாசலில் நின்றது. குறி 400 கிலோமீட்டர்.

அப்போதுதான் காற்று தன் இன்னொரு முகத்தைக் காட்டியது.

இதுவரை காற்றைப் பின்னால் இழுக்கும் எதிரியாக மட்டும் பார்த்தோம். அந்த வழவழப்பான மேல் உடலை ஒரு முறை பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேலே வளைவு, கீழே தட்டை, பின்னால் நீண்டு ஒடுங்கும் வால். இந்த வடிவத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் அல்லவா? விமானத்தின் இறக்கை. இழுவையைக் குறைக்க எந்த வளைவைச் செதுக்கினார்களோ, அதே வளைவு வேகம் கூடக் கூட வண்டியை மேலே தூக்கும். 320-ல் பொறுத்துக்கொண்ட தூக்கல், 400-ல் ஒன்றரை மடங்குக்கு மேல். டயர் தரையை விட்டு இலேசானால், முடிவே இல்லாத அந்த வளைவில் ஸ்டியரிங் எதைப் பிடித்துக்கொள்ளும்?

சுரங்கத்தில் நின்று சேர்த்த சேமிப்பை அவர்கள் கையாலேயே செலவழிக்க வேண்டியதாயிற்று. முன்னால் ஒரு தடுப்புத் தகடு, பின்னால் ஒரு தடுப்புத் தகடு, வாலின் மேல் சுறாமீனுக்கு இருப்பது போல இரண்டு பெரிய துடுப்புகள். ஒவ்வொன்றும் காற்றைப் பிடிக்கும், இழுவையைக் கூட்டும். வண்டியைத் தரையோடு அழுத்தி, தடுமாறாமல் வைத்திருக்க அந்த விலையைக் கொடுத்தே தீரவேண்டும்.

1979 மே 5. நார்தோ. பொறியாளர் ஹன்ஸ் லீபோல்ட், தொழில்முறைப் பந்தய வீரர் யாரையும் கூப்பிடாமல், தானே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கூட்டுக்குள் இறங்கினார். மேல்மூடி சாத்தப்பட்டது. இரண்டு டர்போக்களும் மூச்சை உள்ளிழுக்கத் தொடங்கின.

தகடுகளும் துடுப்புகளும் வண்டியைத் தரையில் பிடித்து வைக்குமா?

(தொடரும்)